அளவுக்கு நிற்காத குழி

ஆடி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலையில், காரைவலசு சைக்கிள் பாதையில் எழுதிய முப்பத்தாறாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த குழி, நாற்பத்தொன்றுக்குப் போய்விட்டிருந்தது. இரவு ஷிப்டு முடிந்து ஆறரை மணிக்கு வீடு திரும்புகிற நாங்கள்தான் அதை முதலில் பார்த்தோம். பார்த்தோமே தவிர யாரும் நிற்கவில்லை. விடிய விடிய நூல் தூசிக்குள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஒரு குழி ஐந்நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், ஹேண்டில்பாரை ஒரு வெட்டு வெட்டி விலக்கிக்கொண்டு போனோம். வீட்டுக்குப் போய்ப் படுத்து, தூக்கம் வராமல் புரண்டபோதுதான், இந்தக் குழியை நேற்று வேறெங்கோ அல்லவா விலக்கினோம் என்று ஞாபகம் வந்தது.

அதே குழிதான். கடித்து வைத்த தோசை மாதிரி ஒரு பக்கம் பிய்ந்த விளிம்பு, மேற்கு ஓரத்தில் துருத்தி நின்ற செங்கல் துண்டு, உள்ளே செம்மண் தண்ணீர், தண்ணீருக்குள் வாயைப் பிளந்து கிடந்த ஒரு பழைய பால் பாக்கெட். பழைய இடத்தில் சாக்கட்டியால் போட்ட மஞ்சள் வட்டமும் அதன் பக்கத்தில் எழுதிய இருபத்துமூன்று என்ற எண்ணும் அப்படியே இருந்தன. வட்டத்துக்குள் தார் வழவழவென்று, மேலே அடித்த பச்சை வண்ணம்கூட உரியாமல் கிடந்தது.

அந்த வட்டத்தைப் போட்டவர் பொன்னுரங்கம். ரயில்வே கேட்டில் தொடங்கி பனியன் கம்பெனிகள் வரை ஏழு கிலோமீட்டர் இருநூறு மீட்டர் ஓடும் அந்தப் பாதையின் மேற்பரப்பைப் பார்த்து நகராட்சிக்காகப் பதிவது அவர் வேலை. நூறு மீட்டருக்கு ஒன்றாக வெள்ளையில் எழுதிய எண்கள், பூஜ்யத்திலிருந்து எழுபத்திரண்டு வரை. புதன்கிழமை தோறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார், விரிசல் இருந்தால் விரிசல், மணல் இருந்தால் மணல், சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு நின்றால் அது எத்தனை மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்பது, எல்லாம் படிவத்தில் ஏறும். குழி என்றால் இரும்பு அளவுகோலை உள்ளே விடுவார். இருபத்தைந்து மில்லிக்குள் என்றால் ‘சிறிது’, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஐம்பதைத் தாண்டினால் ‘உடனடி’, மறுநாளே தார்ச்சட்டியோடு ஆள் வரும். தண்ணீர் நிற்கும் குழியை இறைத்து, அடியில் கிடப்பதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கம் மூன்றாவது வரியில் இருக்கிறது. ஆனி மாதக் கடைசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு புதன்கிழமை, நாற்பத்தாறு குழிகளை அவர் அளந்தார். இருபத்துமூன்றாவது குழியின் ஆழம், பதினெட்டு மில்லி.

மூன்றாம் நாள் காலை, எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் துளசிமணி அந்தப் பதினெட்டு மில்லிக்குள் முன்சக்கரத்தை ரிம் முங்க விட்டு விழுந்தாள். இடது முன்னங்கை இரண்டு இடத்தில் முறிந்தது.

கை முறிந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயது, எட்டு வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறவள், தையல் பகுதியில் முப்பத்திரண்டு பெண்களுக்கு அதே பாதையில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக சைக்கிள் பழக்கிவிட்டவள், பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஓடி, பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுகிறவள். விசாரிக்க வந்த காவலர் நகராட்சிப் பதிவைக் கேட்டு வாங்கினார், அதில் பதினெட்டு என்று இருந்தது. கம்பெனியின் பாதுகாப்புக் குழுவும் கேட்டு வாங்கியது, அதற்கும் பதினெட்டுதான். பதினெட்டு மில்லி என்றால் கட்டை விரல் அகலம். கட்டை விரல் அகலக் குழியில் விழுந்தவள் பழக்கிவிட்ட முப்பத்திரண்டு பேரும் எப்படி ஓட்டுவார்கள் என்று மேனேஜர் கேட்டார், அடுத்த வாரமே தையல் பகுதிப் பெண்கள் சைக்கிளில் வரக்கூடாது, கம்பெனி வேனில்தான் வர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

வேன் நல்ல வேன்தான், சீட்டெல்லாம் புதுசு. ஆனால் அது வருகிற நேரத்துக்குத்தான் வரும், விடுகிற இடத்தில்தான் விடும். சந்தையில் இறங்கிக் கத்தரிக்காய் பொறுக்க முடியாது, அம்மா வீட்டை எட்டிப் பார்க்க முடியாது, வாய்க்கால் மேட்டில் சைக்கிளைச் சாய்த்து யாருக்கும் பதில் சொல்லாமல் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. முப்பத்திரண்டு சைக்கிள்களும் கம்பெனிக் கொட்டகையில் தூசி படிந்து நின்றன. ஆவணி முதல் தேதிக்குள் அவரவர் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், கொட்டகை துணி கோடவுன் ஆகப்போகிறது என்றார்கள். நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் காலையில்தான் குழி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை அது ஐம்பத்தெட்டில் இருந்தது, சனிக்கிழமை பன்னிரண்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பதிலும் மாலையில் முப்பத்துமூன்றிலும். தார்ச்சட்டிக்காரர்கள் வந்து கொட்டி இறுக்கி உருளை ஓட்டிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் குழி வேறிடம் போயிருந்தது, கொட்டிய தார் மட்டும் சமதரையின் மேல் மேடாக நின்றது. மூன்று மேடுகள் ஆன பிறகு ஜனங்கள் குழியை விட்டுவிட்டு மேட்டைப் பற்றி மனுக் கொடுக்க ஆரம்பித்தார்கள், நகராட்சி மேட்டைச் செதுக்கிவிட்டு அதோடு விட்டது.

காரைவலசு அந்தக் குழியோடு பழகிக்கொண்டது. நாற்பதாம் எண்ணில் டீக்கடை வைத்திருக்கும் இப்ராகிம் பாய், பால் விலை எழுதும் கரும்பலகையில் ஒரு வரி சேர்த்தார்: ‘குழி இன்று: 27’. குழியைக் கடந்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக மூன்று தரம் மணி அடிக்கிற வழக்கம் யார் தொடங்கியதென்று தெரியாமல் தொடங்கியது, அந்த மூன்று மணியைக் கேட்டால் பேசிக்கொண்டு வருகிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், நிறுத்திய பேச்சைக் குழி தாண்டி அதே சொல்லிலிருந்து எடுத்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் அது இரண்டு நாள் தங்கியபோது பெண் வீட்டார் பலகை போட்டு, பலகைக்கு மஞ்சள் துணி சுற்றி, மாப்பிள்ளை அழைப்பை அதன் மேலேயே நடத்தினார்கள். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடித்தும் குழித் தண்ணீர் வற்றவில்லை; மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள் அது எந்த எண்ணில் இருக்கிறதென்று பலகையைப் படிக்காமலே தெரிந்துகொண்டு அங்கே போய் நின்றன. தன் வீட்டுக்கு எதிரே குழி வந்தால் விருந்தாளி வருவார்கள் என்று ஒரு தெருவும், வந்திருக்கும் விருந்தாளி கிளம்பிவிடுவார்கள் என்று இன்னொரு தெருவும் நம்பின. யாரும் விழவில்லை. எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்த குழியில் யார் விழுவார்கள்.

ஒருவருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. பொன்னுரங்கம் வந்தால் குழி இல்லை.

முதல் புதன்கிழமை அவர் ஏழு கிலோமீட்டரும் நடந்து பார்த்தார், மற்ற நாற்பத்தைந்தும் இருந்தன, அது இல்லை. பிறகு தினமும் வந்தார். நாங்கள் எதிரே வருவோம், “அண்ணா, நாப்பத்திநாலுல கெடக்குது, இப்பத்தான் மணி அடிச்சுட்டு வாரேன்” என்போம், அவர் நிமிஷத்தில் மிதித்துப் போய்ச் சேர்வார், அங்கே மாங்கொட்டை அளவு ஈரம் காய்ந்துகொண்டிருக்கும். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியில் வந்து பார்த்தார். அளவுகோலைத் துண்டில் சுருட்டி, துண்டை டிபன் பையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒரு நாள் என் கேரியரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, குழி வந்ததும் சொல்லச் சொன்னார். எனக்குப் பத்தடி முன்னால் அது தெரிந்தது, பால் பாக்கெட் முதற்கொண்டு தெரிந்தது, “வந்துருச்சுங்கண்ணா” என்றேன், அவர் கண்ணைத் திறந்தார், முன்சக்கரம் சமதரையில் ஓடியது. எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. அவர் இறங்கி வந்த வழியே நடந்து போனார்.

அவர் எதற்காக அப்படி அலைந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். மறுபடி ஒரு தரம் அளந்துவிட்டால் போதும், ‘மழைக்குப் பின் குழி பெரிதாகியுள்ளது’ என்று புது எண்ணைப் பதிந்துவிடலாம், துளசிமணி சொன்னதும் உண்மை ஆகிவிடும், தான் எழுதியதும் பொய் ஆகாது. அதற்கு ஒரே ஒரு அளவு வேண்டும். அதைத்தான் குழி தர மறுத்தது.

ஆடி இருபத்தாறாம் தேதி காலை, டீக்கடையில் துளசிமணி அவரைப் பிடித்தாள். இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது, வலது கையில் டீ டம்ளர்.

“அளக்கற ஆளைக் கண்டா மட்டும் வெக்கப்படுதாட்ட இருக்குது, உங்க குழி,” என்றாள்.

“என்ற குழி இல்லீங்க அது.”

“நீங்கதானுங்களே நம்பர் போட்டீங்க. பேரு வெச்சவங்களத்தான கேக்கோணும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பத்து நாளாகத் தூங்காத முகம். அந்த முகம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குக் கண்ணாடி பார்த்தே தெரியும்.

“எத்தனை ஆழம்னு நான் சொல்லட்டுங்களா?” என்று அவள் டம்ளரை வைத்துவிட்டு, வலது கையால் மாவுக்கட்டின் மேல் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளித் தொட்டுக் காட்டினாள். “விழுந்தப்ப ஊனுன கை இதுவரைக்கும் உள்ள போச்சு. சேறு இங்கதான் நின்னுச்சு. கட்டுப் போட்ட டாக்டரு கழுவறப்பவே கேட்டாரு, கெணத்துல விழுந்தியாம்மான்னு.”

“பதிவுல பதினெட்டுன்னு இருக்குதுங்க.”

“பதிவுல இருக்கறது இருக்கட்டும். தண்ணிய எறைச்சுப் போட்டு அளந்தீங்களா?”

இப்ராகிம் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். பொன்னுரங்கம் பாதையைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், அதில் எழுபது என்று எழுதியிருந்தது.

“அளந்தனுங்க,” என்றார்.

“அளந்தீங்க. எறைச்சீங்களான்னுதான் கேட்டேன்.”

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எழுபதைப் பார்த்துப் போனார். அவர் கண் மறைந்ததும் பாய் கரும்பலகையை அழிக்கும்படி ஆயிற்று. குழி கடைக்கு எதிரேயே, நாற்பதில், ஆடு குடிக்க வசதியாக வந்து கிடந்தது.

“ஆளுக்குத் தகுந்தாப்புல நடக்குது,” என்றார் பாய். துளசிமணி குழியின் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் அவள் முகமும் மாவுக்கட்டும் தெரிந்தன. பிறகு கம்பெனி வேன் ஹாரன் அடித்தது, ஒரு கையால் துணி எண்ணும் வேலைக்கு ஏறிப் போனாள்.

அடுத்த நான்கு நாள் பொன்னுரங்கம் பாதைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். உண்மையில் அவர் வீட்டில் அந்தப் படிவத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் புதன்கிழமை தண்ணீர் இறைக்கிற மக்கை அலுவலகத்தில் டம்ளர் கழுவ எடுத்துக்கொண்டார்கள், போய்க் கேட்கச் சங்கடமாக இருந்தது, மழை வேறு மறுபடி கட்டிக்கொண்டு வந்தது, அளவுகோலை விட்டார், பால் பாக்கெட்டின் மேல் முட்டி நின்றது, நின்ற இடத்தில் பதினெட்டு. முட்டியது தார் இல்லை என்பது விரலுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரிந்ததை எழுதும் கட்டம் படிவத்தில் இல்லை. இதையெல்லாம் அவர் பிற்பாடு எங்களிடம் சொன்னார், யாரும் கேட்காமலே, பாதையோரம் நின்று, ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார்.

ஆடி முப்பத்தொன்றாம் தேதி, கொட்டகையைக் காலி செய்யக் கடைசி நாள், அவர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளர் முன்னால் பதிவை விரித்து, இருபத்துமூன்றாவது வரியில் பதினெட்டின் மேல் கோடு போட்டு, ‘அளக்கவில்லை’ என்று எழுதினார்.

“யோவ், அந்தக் கட்டத்துல நம்பர்தான்யா வரணும்,” என்றார் பொறியாளர். சின்ன வயசு, கெட்டவர் இல்லை. “அளக்கலைன்னா சும்மா விடு, கோடு போடு. இப்படி எழுத்துல எழுதினா நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க.”

“என்னையத்தானுங்க சார் கேக்கோணும்.”

“உன் கான்ட்ராக்ட் ஆவணியோட முடியுது, தெரியும்ல?”

“தெரியுமுங்க,” என்று சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் கீழே இன்னும் மூன்று வரி எழுதினார்: ‘தண்ணீர் நின்றது. இறைக்க மக்கு இல்லை, இறைக்காமல் அளவுகோலை விட்டேன். பதினெட்டு என்பது குழியின் ஆழம் அல்ல.’ கையெழுத்துப் போட்டு, எதிர்க்கடையில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, மற்றதோடு எழுபத்திரண்டாம் எண் வரை மிதித்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் கொட்டகையில் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள், மேனேஜர் கோடவுனுக்கு அளவெடுக்க ஆட்களோடு நின்றிருந்தார். பொன்னுரங்கம் மேனேஜரிடம் கொடுக்க வந்த காகிதத்தை, கொடுக்காமல், நின்ற இடத்திலேயே சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் ஓரத்திலிருந்து ஒருத்தி, “எறைக்கறதுக்கு ஒரு மக்கு இல்லாமத்தான் ஒரு மாசம் வேன்ல வாந்தி எடுத்தமா,” என்றாள். சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை போனது. மேனேஜர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்றார். பெண்கள் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. சாயந்திரம் ஐந்தரைக்கு வேன் காலியாக நின்றது, முப்பத்திரண்டு சைக்கிள்களும் சக்கரத்துக்குக் காற்று கேட்டு வாசலில் வரிசை நின்றன.

துளசிமணி அவருக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தவர்களோடு சிரிக்கவுமில்லை. அவர் சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அன்னிக்கு நாப்பத்தாறு அளந்தீங்கல்லங்க?”

“ஆமாங்க.”

“மக்கு இல்லாமத்தான?”

அவர் பெடலைக் காலால் பின்னுக்குச் சுற்றினார். “பதினொண்ணுலதானுங்க தண்ணி நின்னுச்சு,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள், நம்பியதாகவும் இல்லை, நம்பாததாகவும் இல்லை.

வாசலைத் தாண்டிப் பாதையில் இறங்கினால், எழுபத்திரண்டாம் எண்ணின் வெள்ளைக் கோட்டின் மேலேயே குழி கிடந்தது. அவரைப் பார்த்தும் கிடந்தது. பொன்னுரங்கம் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே விட்டார், பால் பாக்கெட்டை எடுத்தார், சேற்றை வழித்தார், அடியில் ஜல்லி விரலில் குத்துகிற வரைக்கும் வழித்தார், அளவுகோலை விட்டார். நூற்று அறுபத்துமூன்று. துளசிமணி குனிந்து தன் கண்ணால் படித்த பிறகுதான் எழுதினார். தார்ச்சட்டிக்காரர்கள் அன்று சாயந்திரமே வந்தார்கள், கொட்டிய தார் இறங்கியது, இறுகியது, அங்கேயே நின்றது. பாய் கரும்பலகையில் அந்த வரியை அழித்துவிட்டு, பழகிய கை சும்மா இருக்காமல், டிகாக்‌ஷன் விலையைக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

அன்று இரவு ஷிப்டில் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தோம் என்று நினைக்கிறேன்.

ஆவணி முதல் தேதி காலை ஆறரை மணிக்கு எழுபத்திரண்டில் இறங்கினோம். எழுபதில் முன்னால் போனவன் மூன்று மணி அடித்தான். பழக்கத்தில் அடிக்கிறான் என்று நினைத்தோம். அறுபத்தாறில் மறுபடி மூன்று. அறுபத்தொன்றில் மூன்று, ஐம்பத்தேழில் அடுத்தடுத்து ஆறு. எங்கள் பின்னாலும் அடித்தார்கள், எங்களுக்கு முன்னால் ரயில்வே கேட்டுப் பக்கமிருந்தும் மணிச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. நேற்று வரை கல்லாகக் கிடந்த குழிகள் இடம் மாறிக் கிடந்தன, ஒவ்வொன்றும் தன் மஞ்சள் வட்டத்தைப் பின்னால் விட்டுவிட்டு, மழை பெய்து மாதம் தாண்டிய பிறகும் தண்ணீரைச் சுமந்துகொண்டு. ஆடுகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பாதை நடுவில் நின்றன. தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை, யாரும் வீட்டுக்குப் போகவில்லை, சைக்கிளை நிறுத்தி நிறுத்தி எண்ணினோம். ஒருவன் பதினைந்து என்றான், ஒருவன் பத்தொன்பது என்றான், திரும்பப் போய் எண்ணியதில் பதினேழு என்று நின்றது.

நாற்பதாம் எண்ணுக்குப் பக்கத்தில் பொன்னுரங்கம் பாதையோரம் நின்றிருந்தார், காக்கிச் சட்டை, கையில் படிவம், அவர் எதிரே வழவழவென்று வெறும் தார். காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள், முப்பத்திரண்டு சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக, மணி அடித்து அடித்து, இல்லாத இடத்தில் நேராகவும் இருக்கிற இடத்தில் வளைந்தும், ஆற்றில் போகிற தண்ணீர் மாதிரி வந்தார்கள். துளசிமணி கேரியரில் உட்கார்ந்து வந்தாள், ஓட்டியவள் அவள் பழக்கிவிட்டவர்களில் கடைசியானவள். அவர் பக்கத்தில் வந்ததும், நிறுத்தச் சொல்லி ஒரு காலை ஊன்றினாள்.

“பதினொண்ணுன்னீங்க,” என்றாள்.

பொன்னுரங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் பார்த்த இடத்திலெல்லாம் பாதை சமமாக இருந்தது. பார்க்காத இடத்திலிருந்து மணிச் சத்தம் வந்தது. பேனாவைத் திறந்து, படிவத்தை சீட்டின் மேல் வைத்து, முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு எண்ணின் மேலும் கோடு போட ஆரம்பித்தார்.